குழு தீர்மானித்த சிரிப்பு

டொரோரோ,
ஜூலை 4

அச்சியெங் அம்மாவுக்கு,

நேற்று பிற்பகல் பந்தயத் தீங்கு தணிப்புப் பணியகத்தின் ஆலோசனைக் குழு கூடி, நெடுநேர விவாதத்துக்குப் பிறகு, புகைப்படத்தில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஒருவர் எதிர்த்தார். ஒருவர் நடுநிலை வகித்தார், அதாவது தூங்கிவிட்டார். நான் இத்தனை காலமாக வரலாறு நடத்துகிறேன். இதைவிடக் குறைந்த நேரத்தில் நாடுகளின் எல்லையை வரைந்து முடித்திருக்கிறார்கள்.

ஃபோனில் பேசினால் உங்கள் வாய் ஜெயித்துவிடும், எழுதினால்தான் யோசிப்பீர்கள் என்று போகும்போது சொன்னாய். அதனால் எழுதுகிறேன். என் ஃபோனும் இப்போது என்னிடம் இல்லை. பந்தயம் கட்டுகிற வசதி அதில் இருப்பதால் பணியகத்தின் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கடேரா போகிற மினிபஸ் ஓட்டுநர் இதை உன்னிடம் சேர்ப்பார். உறையின் மேல் எண்ணெய் இருந்தால் அது நான் அவருக்கு வாங்கிக் கொடுத்த முட்டைச் சப்பாத்தி.

விஷயம் இதுதான். "என்னைப் பந்தயக் கடைக்குள் விடாதீர்கள்" என்று ஒருவர் தானாக முன்வந்து கையெழுத்துப் போடலாம். போட்டால் ஊரிலுள்ள எல்லாப் பந்தயக் கடைகளிலும் அவர் படத்தை மாட்டுவார்கள். படத்தில் உள்ளவர் வந்தால் காவலாளி திருப்பி அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை பணியகத்தில் உட்கார்ந்து பேசவும் வேண்டும். பணியகம் மாடியில் இருக்கிறது, கீழே பந்தயக் கடை. வாடகை குறைவு, வரவேண்டியவர்களுக்கு வழியும் ஏற்கெனவே தெரியும் என்று விளக்கம் சொன்னார்கள்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது மட்டுமில்லை, பாதிக்கப்பட்டவர்களின் பிரதிநிதியாக என்னைக் குழுவிலும் உட்கார வைத்தார்கள். பணியகத்தின் தலைவி நம்போசோ அம்மையார் நல்ல மனுஷி. "சிரிக்காத முகத்த மாட்டுனா போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கும். நம்ம ஆளுங்க என்ன குத்தம் பண்ணாங்க?" என்றார். பாதிரியாரும் ஆமோதித்தார். "திருந்துனவன் முகத்துல மகிழ்ச்சி தெரியணும்." சந்தை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற கிழவர் மட்டும், "திருந்துறதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டார். எதிர்ப்பு ஓட்டு அவருடையது.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்றும் பேச்சு வந்தது. "இவரை உள்ளே விடாதீர்கள்" என்பது மனதைப் புண்படுத்தும் என்று நீக்கப்பட்டது. "இவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்" என்பது குத்திக் காட்டுவதாக நீக்கப்பட்டது. கடைசியில், "இவர் முடிவெடுத்துவிட்டார். நீங்கள்?" என்பது யாருக்கும் எந்தப் பொருளும் தராததால் ஏகமனதாக நிறைவேறியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், சம்பள நாள்னு நெனச்சுக்குங்க" என்றார் படம் எடுப்பவர். அது பலன் தரவில்லை. நம் ஒமொல்லோ வாத்தைத் துரத்திக்கொண்டு போய்க் குட்டையில் விழுந்ததை நினைத்துக்கொண்டேன். எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி படம் விழுந்திருக்கிறது.

செப்டம்பரில் மூன்றாம் பருவம் தொடங்குகிறது. அதற்குள் நீயும் பிள்ளைகளும் திரும்பி வரவேண்டும் என்பதுதான் நான் கேட்பது. மற்றதெல்லாம் அதற்கான முன்னுரை.

ஒகெச்சோ


கடேரா,
ஜூலை 11

அச்சியெங் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. எண்ணெய்தான் அதிகம்.

நீங்கள் கையெழுத்துப் போட்டது நல்லது. அதற்காக நான் மூட்டை கட்டுவேன் என்று நினைக்க வேண்டாம். இங்கே சுகாதார நிலையத்தில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிரசவ அறையில் தினமும் கேட்கிறேன், "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன் சிஸ்டர், இது சத்தியம்" என்று. அடுத்த வருடம் அதே பெண் அதே கட்டில். வலியில் செய்கிற சத்தியத்தைக் குறித்து வைத்துக்கொள்ள எங்களிடம் பதிவேடு கிடையாது. வலி நின்ற பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

நான் வீட்டை விட்டு வந்தது பந்தயத்தில் நம் பசு போனதற்காக என்று எங்கள் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பசு போனால் பசுதான் போகும். ஒமொல்லோவின் ஞானஸ்நானத்தன்று, பாதிரியார் கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு "தகப்பன் எங்கே" என்று கேட்டபோது நீங்கள் கோயிலுக்குப் பின்னால் ஃபோனில் நாய் ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையான நாய் கூட இல்லை. எங்கேயோ ஒரு இயந்திரம் வரைந்து ஓட்டுகிற நாய். இல்லாத நாய்க்காக இருக்கிற பிள்ளை காத்திருந்தான். எனக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. மூட்டை கட்டத்தான் நாளாயிற்று.

எங்கள் அண்ணன் ஒவோரா நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் காலை உடைப்பதாகச் சொல்லியிருக்கிறான். நான் அவனிடம், அது இங்கே வேண்டாம், கட்டுப்போட என்னிடம் பிளாஸ்டர் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அச்சியெங்குக்கு இருமல் சரியாகிவிட்டது. ஒமொல்லோ உங்களைக் கேட்கிறான். நீங்கள் கேட்டதாகச் சொல்லவா என்று தெரியவில்லை.

படம், குழு, தீர்மானம் எதுவும் எனக்கு எழுத வேண்டாம். வாரம் ஒருமுறை மாடியில் உட்கார்ந்து பேசுகிறீர்களே, அதில் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள்.

ஜெசிந்தா


டொரோரோ,
ஜூலை 20

அச்சியெங் அம்மாவுக்கு,

மாடியில் என்ன பேசினோம் என்று கேட்டாய். வட்டமாக உட்காருவோம். பந்தயம் கட்டத் தோன்றும்போது உடம்பில் எங்கே தோன்றுகிறது என்று நம்போசோ அம்மையார் கேட்பார். தச்சர் ஒருவர் "கட்டை விரல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம், பிறகு எல்லோரும் அவரவர் கட்டை விரலைப் பார்த்தோம். எனக்குத் தொண்டையில். ஏதோ சொல்ல வேண்டியது பாக்கி இருப்பது போல. அந்த நேரத்தில் எழுந்து நடக்க வேண்டும் என்றார். நான் சிமெண்ட் சாலை முனை வரை நடந்துவிட்டு வருகிறேன். அங்கே ஒரு கறிக்கடைக்காரர் எனக்கு ஏதோ நோய் என்று நினைத்து விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்.

படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். மன்னிக்கவும், எழுதாமல் முடியாது.

படங்களை மாட்டிவிட்டார்கள். வாசலில், காவலாளி பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வாசல் சுவரில் ஆணி இல்லை. உள்ளே, கல்லாவுக்கு மேலே, வரிசையாக ஆணி இருக்கிறது. அது பந்தயத்தில் பெரிய தொகை ஜெயித்தவர்களின் படங்களை மாட்டுகிற வரிசை. அவர்களும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். இப்போது அந்த வரிசையில் நானும் தச்சரும் சிரிக்கிறோம், கீழே "இவர் முடிவெடுத்துவிட்டார். நீங்கள்?" என்ற வாசகத்துடன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "முதலாளி, ஏறுங்க" என்றான் ஒருவன். நடந்தே போகிறேன் என்றதும், "பாத்தியா, பணம் வந்தவுடனே ஆடமாட்டாரு, பழைய ஆளு" என்று இன்னொருவனிடம் சொன்னான். தலைமை ஆசிரியர் ஆசிரியர்களுக்கான கழிப்பறைக் கூரையைப் பற்றி என்னிடம் மட்டும் தனியாகப் பேசினார். கோயிலில் முன் வரிசையில் இடம். பூகோளம் நடத்துகிற ஒஃபுவோனோவுக்குக் கல்யாணம் வருகிறது, தெரியுமா? அவன் கல்யாணச் செலவுக்குப் பணம் திரட்டுகிற கூட்டத்துக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் அங்கே இல்லை. நான் இல்லாத கூட்டத்தில் கேக் செலவு என் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

உண்மையைச் சொல்லாமல் இல்லை. "நான் ஜெயிக்கலப்பா, நான் தோத்து நிறுத்துன ஆளு" என்று கல்யாணக் கூட்டத்துச் செயலாளரிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "புரியுது சார். திருட்டுப் பயம். நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்."

ஒமொல்லோவிடம் நான் கேட்டதாகச் சொல். தினமும் கேட்கிறேன்.

ஒகெச்சோ


கடேரா,
ஜூலை 26

அச்சியெங் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. மினிபஸ் ஓட்டுநருக்கு வழியில் டயர் பஞ்சர். ஒவோரா வெங்காயம் விற்க டொரோரோ வந்திருந்தான். பந்தயக் கடைக்குள் அவனுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கூட எடுத்துக்கொள்ளாமல் வந்திருக்கிறான்.

"ஜெசிந்தா, நம்ம மச்சான் சுவத்துல தொங்குறாரு!"

தூக்கு மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைத்து நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். காலை உடைப்பதாகச் சொன்ன ஒவோரா இப்போது "மச்சானுக்கு அந்தக் காலத்துலயே நல்ல மூளை" என்கிறான். மே மாதம் "அவன் நிழல் இந்த வாசல்ல விழக்கூடாது" என்று கத்திய அப்பா, "பொண்ணுன்னா புருஷன் வீட்லதான் இருக்கணும், இது என்ன வழக்கம்" என்று என்னைத் திட்டுகிறார். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைத் திரும்பக் கூட்டிப்போக மாப்பிள்ளைதான் ஆடு கொண்டுவந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்பா அந்த ஆட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது போதாது என்று தன் ஆட்டையே உங்களுக்குக் கொடுத்தனுப்பப் போகிறார். எங்கள் குலத்தில் இது முதல்முறை என்று சித்தப்பா சொன்னதற்கு, "சட்டம் எல்லாம் ஏழைக்கு" என்றார்.

என் மெத்தையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள். நான் கீழே பாயில் படுக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஜெயிக்கவில்லை என்று செயலாளரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செயலாளர் நம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் உங்களோடு எட்டு வருடம் இருந்தவள். திருட்டுப் பயம் உங்களுக்கு உண்டா, மனைவிப் பயம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

ஒன்றுதான் கேட்கிறேன். ஜெயித்தீர்களா? ஆம் அல்லது இல்லை. வரலாறு வேண்டாம்.

ஜெசிந்தா


டொரோரோ,
ஆகஸ்ட் 3

இல்லை.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு வார்த்தையை எழுத இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்று நீ கேட்பாய்.

நான் பொய் சொல்லவில்லை, ஜெசிந்தா. அதுதான் சங்கடம். பொய்யை வேறு யாரோ ஆணியில் மாட்டினார்கள். நான் பேசாமல் இருந்தால் போதும், உன் அப்பாவே உன்னையும் பிள்ளைகளையும் மெத்தையையும் ஆட்டையும் வண்டியில் ஏற்றி என் வாசலில் இறக்கிவிடுவார். பிறகு மெல்ல மெல்லத் தெரியும். தெரிவதற்குள் நீ பழகிவிடுவாய். அப்படித்தான் யோசித்தேன். சாலை முனை வரை நடந்தேன். கறிக்கடைக்காரர் இப்போது விசாரிப்பதில்லை, வணக்கம் சொல்கிறார்.

திரும்பி நடக்கும்போது தொண்டையில் அதே அடைப்பு. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதன் மேல் எல்லாவற்றையும் வைக்கப் போகிறேன் என்று புரிந்தது. இதற்கு டிக்கெட் கூட வாங்க வேண்டியதில்லை.

அதனால் மாடிக்குப் போய், என் படத்தைக் கழற்றிவிட்டுச் சிரிக்காத படத்தை மாட்டுங்கள் என்று கேட்டேன். நம்போசோ அம்மையார் அழுதுவிடுவார் போல இருந்தது.

"ஐயா, படத்தை மாத்தறதுன்னு ஒரு வழியே விதியில இல்ல. கழட்டறது மட்டும்தான் இருக்கு. கழட்டணும்னா நீங்க தடையிலிருந்து விடுதலை கேக்கணும். நாங்க விடுதலை குடுக்கணும். அப்புறம் மறுபடி தடை கேக்கணும்."

"நடுவுல?"

"நடுவுல நீங்க விளையாடத் தகுதியானவர்னு சான்றிதழ் குடுப்போம்."

"நான் கேக்கலையே அம்மா."

"அது தானா வரும் ஐயா."

வந்துவிட்டது. முத்திரையுடன் என் மேசை மேல் இருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகு அரசாங்கம் எனக்குக் கொடுத்த முதல் சான்றிதழ். பெரிய எழுத்தில், ஒகெச்சோ சில்வானோ எல்லாப் பந்தயக் கடைகளிலும் நுழைய எந்தத் தடையும் இல்லை. குழு மறுபடி கூடும்போதுதான் புதுத் தடை போட முடியும். படங்களையும் கடைக்காரர்கள் வேறு யாரிடமும் தர மாட்டார்களாம். சம்பந்தப்பட்டவர் நேரில் உள்ளே வந்து, முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டுக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் கடைக்கும் போக வேண்டும்.

உள்ளே போக வேண்டும் என்றதும் பயந்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் எழுதுகிறேன்.

ஒகெச்சோ


கடேரா,
ஆகஸ்ட் 8

அச்சியெங் அப்பாவுக்கு,

அப்பாவிடம் நானே சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன், கையில் களி இருக்கும்போது அவர் எழுந்து கத்த மாட்டார்.

"மாப்பிள ஜெயிக்கலையா?"

"இல்லப்பா."

"அப்ப அந்தப் பல்லு?"

"அது அரசாங்கம் சிரிக்கச் சொன்ன பல்லு."

களியை நிலக்கடலைக் குழம்பில் தோய்த்து, வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு, "ஆட்ட அவுத்துக் கொட்டகையில கட்டு" என்று ஒவோராவிடம் சொன்னார். ஒவோரா ஆட்டைவிட அதிகம் வருத்தப்பட்டான். உங்கள் படத்தை நம்பி அன்றைக்கே அந்தக் கடையில், வெங்காயத்தை மூட்டையோடு விற்ற காசைப் பந்தயம் கட்டியிருக்கிறான். வெங்காய மூட்டை ஏன் வரவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

மெத்தையை உள்ளே எடுத்துப் போட்டேன். நானே தூக்கினேன்.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதுவதற்கு எடுத்துக்கொண்ட நாட்களைப் பற்றிக் கோபப்பட்டேன். பிறகு கடைசிக்கு முந்தின வரியைப் படித்தேன். சந்தோஷமாகவும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடத்தில் இப்படி ஒன்றை நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. எப்போதும் முடிந்த பிறகுதான் சொல்வீர்கள், அதுவும் நான் கண்டுபிடித்த பிறகு.

தனியாகப் போக வேண்டாம். அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுப்பு. காலை வண்டியில் வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். சந்தைக்கு எதிரில் உள்ள கடை வாசலில் நில்லுங்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். பிள்ளைகளைக் கூட்டி வரமாட்டேன்.

இதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரசவத்துக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் போவேன், அது மாதிரி.

ஜெசிந்தா


டொரோரோ,
ஆகஸ்ட் 21

அச்சியெங் அம்மாவுக்கு,

வண்டி கிளம்பும்போது நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை. எதற்கு என்று எனக்குத் தெரியும். நிறுத்தத்தில் அதைப் பேச என்னால் முடியவில்லை.

மற்றக் கடைகளில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கல்லாவில் இருந்த பெண்கள் உன்னைப் பார்த்து, ஜெயித்தவரின் மனைவி என்று எழுந்து நின்றதும், "நீ உக்காரும்மா, உனக்கு எத்தன மாசம்?" என்று நீ ஒருத்தியைக் கேட்டதும், அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் என்று வாயைப் பொத்திக்கொண்டதும் எனக்கு நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மேட்டில் இருந்த கடையில்தான் தப்பிப்போயிற்று. அங்கே ஏணி இல்லை. கடைப் பையன் நாற்காலி தேடிக்கொண்டு உள்ளே போனான். அப்போது திரையில் ஓட்டத்துக்காக நாய்களைக் கூண்டில் விட்டார்கள். நான் பார்த்தேன். நீ என் கையில் இருந்த படங்களை வாங்கிக்கொண்டாய், நான் கவனிக்கவில்லை. பையன் நாற்காலியோடு வந்து, ஏறி, படத்தைக் கழற்றி, "சார், சார்" என்று கூப்பிட்ட பிறகும் பார்த்தேன். நீ வாசலுக்குப் போய்விட்டாய்.

பந்தயம் கட்டவில்லை. அது உனக்குத் தெரியும். ஆனால் மனதுக்குள் ஒரு நாயைத் தேர்ந்தெடுத்தேன். கோடு போட்ட சட்டை போட்ட நாய். அது ஜெயித்தது. இதை நீ கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டாய். தோற்றிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மாடிக்குப் போனேன். படிக்கட்டு முழுக்க ஆள். எல்லோரும் தடை கேட்டு வந்தவர்கள். குளித்து, தலை சீவி, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருக்கிறார்கள். கல்லாவுக்கு மேலே படம் வந்தால் கல்யாணக் கூட்டத்தில் தலைமை கிடைக்கும், வங்கியில் உட்காரச் சொல்வார்கள் என்று ஊரில் பேச்சு. ஒருவர் படத்துக்காகவே முன்பல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலிடத்திலிருந்து பணியகத்துக்குப் பாராட்டு வந்திருக்கிறது. நாட்டிலேயே இங்கேதான் இத்தனை பேர் தாங்களாகத் திருந்த முன்வந்திருக்கிறார்களாம். சிரிப்பு மற்ற ஊர்களுக்கும் விரிவுபடுத்தப்படுகிறது.

"சிரிக்காத படம்னா குழு புதுசா முடிவெடுக்கணும் ஐயா" என்றார் நம்போசோ அம்மையார். "அதுவரைக்கும் வரிசையில நில்லுங்க. எனக்கே வெக்கமா இருக்கு. உங்களுக்குத்தான் உண்மையா வேணும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப முன்னாடி விடுங்க."

"முன்னாடி விட்டா உண்மையா வேணும்னு ஒரு வகை இருக்குன்னு எழுதணும். படிவத்துல அதுக்கு இடம் இல்ல."

கீழே இறங்கும்போது காவலாளி எமோங்கிடம் கேட்டேன்.

"என்னை உள்ள விடாத எமோங்."

"சான்றிதழ் இருக்கே சார் உங்களுக்கு. தடுக்க எனக்கு ஏது அதிகாரம்?"

"நட்பா தடு."

"நட்பா தடுத்தா முதலாளி என்னை நட்பா வீட்டுக்கு அனுப்பிடுவாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு பண்றேன். நீங்க வந்தா உங்க சம்சாரம் பேர சத்தமாக் கூப்பிடுறேன். அதுக்கு விதி எதுவும் இல்ல."

வெள்ளிக்கிழமை மாலை ஒருமுறை கூப்பிட்டான். நான் திரும்பி நடந்துவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

தடை இல்லாத ஆளாக இருக்கிறேன், ஜெசிந்தா. பருவம் தொடங்கப் போகிறது. வா என்று முதல் கடிதத்தில் எழுதினேன், சுலபமாக எழுதினேன். இப்போது அந்த வார்த்தையை எழுதக் கை தயங்குகிறது. வந்தால் என்ன ஆகும் என்று உறுதி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வா.

ஒகெச்சோ


கடேரா,
செப்டம்பர் 12

அச்சியெங் அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே ஒரே வாரத்தில் மூன்று இரட்டைப் பிரசவம்.

வண்டியில் நான் வெளியே பார்க்காததற்குக் காரணம் நீங்கள் நினைத்ததுதான். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அச்சியெங் "யாரம்மா திட்டற?" என்று கேட்டாள். "நாயத்தான்" என்றேன். "நம்ம கிட்ட நாயே இல்லையே" என்றாள்.

கோடு போட்ட சட்டை என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எந்த நாய் என்று நான் கேட்டிருக்க மாட்டேன் என்பதும் சரிதான். ஆனால் தெரிந்துகொண்டதில் எனக்கு நிம்மதி. இது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

எமோங் என் பெயரைச் சொல்லி உங்களை நிறுத்துகிறான் என்பதில் எனக்குச் சம்மதம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. சம்மதம்தான். ஆனால் என் பெயர் ஆள் நிறுத்துகிற கட்டையாக எத்தனை நாள் இருக்கும்? சனிக்கிழமை முழுவதும் உங்கள் பக்கத்தில் நடந்துகொண்டு உங்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரையே பார்க்கவில்லை. அப்படி ஒரு வேலை எனக்கு வேண்டாம். சுகாதார நிலையத்து வேலையே போதும். பிள்ளைகளுக்கு அந்தக் காவல் வேலையை நான் பழக்கவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வாருங்கள். குழு படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாருங்கள். வராத ஞாயிறு ஏன் வரவில்லை என்று எழுதுங்கள், நடந்ததை எழுதுங்கள். அப்பா உங்களிடம் பேச மாட்டார். ஒவோரா பேசுவான், அதுதான் கஷ்டம். எந்த அணி ஜெயிக்கும் என்று உங்களிடம் கேட்பான். வரலாறு நடத்துங்கள், தானாக எழுந்து போய்விடுவான்.

ஒமொல்லோவிடம் நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "எப்ப கேட்டாரு?" என்றான். தினமும் என்றேன்.

மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரையும் கடேரா பள்ளியில் சேர்த்திருக்கிறேன்.

ஜெசிந்தா